நடுக்கடலில் ஒரு ‘ஹலோ!’

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது கிளியனூர் என்று ஓர் ஊர் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? ஜன்னலோரத்தில் இடம் கிடைத்ததும் கண்ணயர்ந்துவிடும் கோஷ்டியைச் சேர்ந்தவராக இருந்தால் கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் அந்தக் கோஷ்டிதான். ஆனால் அன்று நான் ஏறிய பஸ் நடுவழியில் மக்கர் செய்துவிட்டதால், கிளியனூரில் இறங்கி நிற்க வேண்டியதாயிற்று.

நிழலுக்கு ஒதுங்கிய இடத்தில் மீன் கூடையுடன் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். மரக்காணம் உப்பளங்களுக்கு அப்பால் கடலோரக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். கூடையில் நாலைந்து சங்கரா மீன்கள்தான் பாக்கி. மெள்ளப் பேச்சுக் கொடுத்தேன்.

“மகன் கடலுக்குப் போயிருக்காரா, பெரியம்மா?”

“ராத்திரியே போயிட்டான், தம்பி. கொஞ்ச தூரம் வரைக்கும் போன் எடுப்பான். அதுக்கப்புறம் எடுக்க மாட்டான். மறுபடி எடுத்தான்னா கரைக்குக் கிட்ட வந்துட்டான்னு அர்த்தம்.”

“எடுக்காத நேரத்தில் நீங்க என்ன செய்வீங்க?”

“மீன் விப்பேன்” என்றார்.

கடைக்குப் போன கணவர் பத்து நிமிஷம் போனை எடுக்காவிட்டால் நம் வீடுகளில் என்ன பாடு படுகிறோம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், வாசகிகளே!

உங்களுக்குத் தோன்றும் கேள்விதான் எனக்கும் தோன்றியது. செயற்கைக் கோள் மூலம் பேசுகிற சாட்டிலைட் போன் ஒன்று படகில் இருந்தால் என்ன? விலை அதிகம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் இருந்தாலும், புடவைக் கடைக்குப் போவது போலப் போய் அதை வாங்கி வந்துவிட முடியாது. சட்டம் குறுக்கே நிற்கிறது.

அந்தச் சட்டத்தின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. 1885-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தந்திச் சட்டம் வந்தது. 1933-ல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் கம்பியில்லாக் கருவி எதையும் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். கூடத்து ரேடியோவுக்குக்கூட வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்த கதையைச் சொல்வார். கச்சேரி கேட்பதற்கும் சர்க்கார் அனுமதி! ரேடியோவுக்கு அந்தத் தொல்லை எப்போதோ தீர்ந்தது. சாட்டிலைட் போனுக்குத் தீரவில்லை.

ஏன் தீரவில்லை என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 2008 நவம்பர் 26-ம் தேதி பம்பாயைத் தாக்கிய பத்துப் பேரும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதில் வந்து, பிறகு ரப்பர் படகில் கரையேறினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற படகில் ஒரு சாட்டிலைட் போன் கிடந்தது. அன்றிலிருந்து மீன்பிடிப் படகு என்றாலே சந்தேகக் கண்தான். மீனவர்களுக்கு கைரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. படகுகளைப் பதிவு செய்வதில் கெடுபிடி வந்தது. இருபது மீட்டருக்கு மேற்பட்ட கலங்கள் தாம் இருக்குமிடத்தைத் தாமே அறிவிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்றானது.

சாட்டிலைட் போனில் சர்க்காருக்கு உள்ள அச்சம் இதுதான்: பேச்சு நேராக வானத்துக்குப் போய் வேறு நாட்டு நிலையத்தில் இறங்கினால், நம் போலீசார் அதை அறிய வழியில்லை. ஆகையால் துராயா, இரிடியம் போன்ற கம்பெனிகளின் போன்களுக்கு இங்கே இடமில்லை. 2017-ல் பி.எஸ்.என்.எல். தொடங்கிய இன்மார்சாட் சேவை உண்டு. அதன் தரை நிலையம் காஜியாபாத்தில், நம் மண்ணிலேயே இருக்கிறது. அதையும் அனுமதி பெற்றே வைத்துக்கொள்ள வேண்டும். விஷயம் தெரியாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள்.

எல்லைக் கெடுபிடி கிளியனூர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1954 நவம்பர் 1-ம் தேதி வரையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. சுங்க உடன்படிக்கை 1949-ல் முறிந்த பிறகு, பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போவதே வெளிநாட்டுப் பிரயாணம் ஆகிவிட்டது. தேசத்துக்குப் பயம் வந்தால் முதலில் அவிழ்க்கப்படுவது எளியவர்களின் மூட்டைதான்!

கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் வந்தது. புயல் எச்சரிக்கை கரையில் ஒலித்தபோது, கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் ஆழ்கடலுக்குப் போய் நாட்கள் பல ஆகியிருந்தன. படகு ரேடியோவோ கண்ணெட்டும் தூரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் எட்டும். செய்தி அவர்களை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. பம்பாயில் இறந்தவர்களுக்காக நாம் அழுதது நியாயம். இவர்களுக்காக யார் எந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள் என்று கேட்பதும் நியாயந்தானே?

எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நம் விண்வெளி நிலையத்தார் படகுகளுக்கென ஒரு சிறு பெட்டியை உருவாக்கியிருக்கிறார்கள். ஆபத்து என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வானத்துக் கோள் வழியாகச் செய்தி போகும். கரையிலிருந்து புயல் எச்சரிக்கை மீனவரின் சொந்த மொழியிலேயே வரும். நாட்டின் கடல் எல்லையை நெருங்கினாலும் எச்சரிக்கும். 364 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு லட்சம் படகுகளுக்கு என்று திட்டமிட்டு, 2024 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கி வைத்தார். அந்தப் பெட்டி மீனவரையும் காக்கிறது, அவர் எங்கே இருக்கிறார் என்று சர்க்காருக்கும் காட்டுகிறது. ஒரே கருவியில் இரண்டு வேலை. நம்மவர்கள் கெட்டிக்காரர்கள்தான்!

தந்திச் சட்டங்களுக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டமும் இயற்றியாயிற்று. வானத்திலிருந்து இன்டர்நெட் தருகிறோம் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தபோது, 2025 மே மாதம் சர்க்கார் பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. தரை நிலையம் இந்தியாவில்தான் இருக்க வேண்டும். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தனிக் கண்காணிப்பு. மரக்காணத்துக் கட்டுமரம் போகிற கடல் முழுவதும் அதற்குள் அடக்கம்.

பெரியம்மாவிடம் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். சுருக்குப் பையை முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதுல என் மகனோட பேசலாமா, தம்பி?”

“பேச முடியாது, பெரியம்மா. அவர் பொத்தானை அழுத்தினால் கடலோரக் காவல் படைக்குத் தெரியும்; அதிகாரிகளுக்குத் தெரியும்.”

“சரி, அவங்களுக்குத் தெரியும். எனக்கு யாரு சொல்லுவாங்க?”

பஸ் வந்துவிட்டது. கூடையைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கொடுத்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கொடுக்க முடியவில்லை.