ஈமாக்ஸ் உதவிக்குறிப்பில் விடுபட்ட ஒரு விதிவிலக்கு

அன்னவாசல்காரர் ஒருவர் கடிதத்தில் ‘நம்ம கண்மாய்’ என்று எழுதுகிறார். அதை அறந்தாங்கியில் ஒருவர் வாசிக்கிறார். எந்தக் கண்மாய்? எழுதியவர் ஊர்க் கண்மாய் என்று எடுத்துக்கொண்டால் அது லெக்சிக்கல் ஸ்கோப். வாசிக்கிறவர் ஊர்க் கண்மாய் என்றால் டைனமிக் ஸ்கோப். நிரலில் ஒரு மாறியின் பெயருக்கும் இதே கேள்விதான்.

ஈமாக்ஸ் எடிட்டரின் லிஸ்ப் மொழி 1985 முதல் டைனமிக் ஸ்கோப்பில்தான் ஓடியது. 2012-ல் வந்த 24.1 பதிப்பில்தான் லெக்சிக்கல் வந்தது. கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்புப் போட்டால் அந்தக் கோப்பு முழுக்க லெக்சிக்கல் ஆகிவிடும். ஆனாலும் ‘டெஃப்வார்’ போட்டு மதிப்புக் கொடுத்த மாறிகள் ‘ஸ்பெஷல்’. அவை அங்கேயும் டைனமிக்காகவே நடக்கும் என்கிறது ‘ஸ்பெஷல்-வேரியபிள்-பி’ என்ற ஃபங்ஷனின் உதவிக்குறிப்பு.

இது முழு உண்மை இல்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். லெக்சிக்கல் கோப்பு ஒன்றில் ‘அளவு’ என்ற மாறியை டெஃப்வாரில் 10 என்று வையுங்கள். ‘காட்டு’ என்ற ஃபங்ஷன் அந்த அளவைத் திருப்பித் தரட்டும். ‘லெட்’ போட்டு அளவை 20 ஆக்கி, அதற்குள் காட்டுவைக் கூப்பிட்டால் 20 வரும். சரிதான். இப்போது ‘அளவு’ என்பதையே ஆர்குமெண்டாக வாங்கும் இன்னொரு ஃபங்ஷன் எழுதி, 20 கொடுத்து, அதற்குள் காட்டுவைக் கூப்பிடுங்கள். 10 தான் வரும்! ஆர்குமெண்ட் என்று வந்துவிட்டால் ஸ்பெஷல் மாறியும் லெக்சிக்கல் ஆகிவிடுகிறது. காமன் லிஸ்ப்பில் இப்படி நடக்காது. அங்கே 20 வரும்.

ஈமாக்ஸ் லிஸ்ப் கையேடு மட்டும், ஸ்பெஷல் மாறியை ஆர்குமெண்டாக வைக்காதீர்கள், என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என எச்சரிக்கிறது. ஆனால் அவசரத்தில் நாம் திறப்பது கையேட்டையா, உதவிக்குறிப்பையா?

இதனால் என்ன கெட்டுவிடும்? ‘கேஸ்-ஃபோல்ட்-சர்ச்’ என்ற மாறி, தேடும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கலாமா என்று முடிவு செய்கிறது. பழைய நிரலில் யாரோ இதையே ஆர்குமெண்டாக வைத்திருக்கலாம். டைனமிக்கில் அது ஒழுங்காக ஓடும். முதல் வரியில் லெக்சிக்கல் குறிப்பைச் சேர்த்த அன்றே, நாம் கொடுக்கும் மதிப்பு தேடலுக்குப் போய்ச் சேராது. பிழைச்செய்தியும் வராது. ஆங்கிலக் கோப்பில் ‘ராம்’ என்ற ஆள் பெயரை மாற்றப் போனால், பெரிய எழுத்தில் இருக்கும் நினைவக ‘ராம்’ உம் சேர்ந்து மாறிவிடும். தமிழ்க் கோப்பில் சோதித்தால் கண்ணில் படவே படாது. நமக்குத்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே!

தீர்வு எளிது. ஆர்குமெண்டுக்கு வேறு பெயர் வைத்து, உள்ளே ‘லெட்’ போட்டு ஸ்பெஷல் மாறிக்கு அந்த மதிப்பைக் கொடுங்கள். பழைய கோப்பில் லெக்சிக்கல் குறிப்பைச் சேர்த்ததும் பைட்-கம்பைல் செய்து எச்சரிக்கைகளை வாசியுங்கள். இந்தக் குழப்பத்தைக் கம்பைலர் பெயர் சொல்லிக் காட்டும். உதவிக்குறிப்பிலும் ‘ஆர்குமெண்டுகள் நீங்கலாக’ என்று இரண்டே சொல் சேர்த்தால் போதும்.