மொட்டை மாடிக்கு மேல் ட்ரோன்: நம் முகம் அதில் தெரியுமா? '28 மடங்கு ஜூம்' என்றால் உண்மையில் என்ன?

போன சித்திரையில் ஒரு காலை, ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். வடகம் பிழிய மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். பின் தெரு கல்யாண வீட்டிலிருந்து கிளம்பிய ட்ரோன் ஒன்று எங்கள் மாடிப் பக்கமாக வந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருக்கிறது. அம்மா நைட்டியில், தலையில் எண்ணெயோடு. பாத்திரத்தைப் போட்டுவிட்டு கீழே ஓடிவந்துவிட்டார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அதுல நம்ம மொகம் தெரியுமாடி?"

தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை. நியூஸ் டெஸ்க்கில் தினம் பத்து ட்ரோன் காட்சியை எடிட் செய்து போடுகிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததுதான் இது.

2020 ஊரடங்கில் திருப்பூர் போலீஸ் வெளியிட்ட ட்ரோன் வீடியோ ஞாபகம் இருக்கிறதா? கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ட்ரோனைப் பார்த்ததும் போர்டால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடிய அதே வீடியோதான். ஊரே சிரித்தது. ஆனால் ஓடியவர்களின் பயம் நியாயமானது. ட்ரோன் அவ்வளவு தாழ்வாக வந்தால் முகம் தெரியும். எவ்வளவு தாழ்வாக என்பதுதான் விஷயமே.

பெட்டியில் போட்டிருக்கும் நம்பர்

ட்ரோன் விளம்பரங்களில் மூன்று எண்களைப் பெரிதாகப் போடுவார்கள். மெகாபிக்சல், 4கே, ஜூம். இதில் அதிகம் ஏமாற்றுவது ஜூம்.

ஜூம் இரண்டு வகை. லென்ஸே காட்சியை அருகில் இழுத்துக் காட்டினால் ஆப்டிகல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, அதைப் பெரிதாக்கிக் காட்டினால் டிஜிட்டல் ஜூம். போனில் இரண்டு விரலால் படத்தை விரிப்போமே, கிட்டத்தட்ட அதுதான் இரண்டாவது. பத்துப் புள்ளி வைத்த கோலத்தை வாசல் முழுக்க இழுத்துப் போட்டாலும் புள்ளி பத்துதான். புதிதாக ஒரு புள்ளியும் வராது, இடைவெளிதான் கூடும்.

எடுத்துக்காட்டாக டிஜேஐ நிறுவனத்தின் மினி 4 ப்ரோ. 249 கிராம், கையடக்கம். இதில் ஆப்டிகல் ஜூம் கிடையாது. வீடியோவில் 4 மடங்கு வரை ஜூம் என்று சொல்வது முழுக்க டிஜிட்டல். அதே நிறுவனம் 2021 நவம்பரில் வெளியிட்ட மேவிக் 3-ல் இரண்டு கேமரா. சாதாரண அகலக் காட்சிக்கு 24 மிமீ லென்ஸ், தொலைவுக்கு 162 மிமீ லென்ஸ். விளம்பரத்தில் 28 மடங்கு ஜூம் என்றார்கள். 24-ஐ 162 ஆக்கினால் ஏறக்குறைய 7 மடங்கு. அதுவரைதான் லென்ஸின் வேலை. மீதி 4 மடங்கு டிஜிட்டல். ஏழை நான்கால் பெருக்கினால் 28. கணக்கு சரிதான், ஆனால் கண்ணுக்குக் கிடைப்பது ஏழுதான்!

மீட்புப் பணி, மின்கோபுர ஆய்வு போன்றவற்றுக்கான பெரிய ட்ரோன்களின் கதை வேறு. டிஜேஐ 2020-ல் கொண்டுவந்த ஹெச்20 வகை கேமராவில் 23 மடங்கு வரை தரம் பெரிதாகக் குறையாத ஜூம், அதிகபட்சமாக 200 மடங்கு. ஆனால் அது கல்யாண வீட்டுக்கு வருகிற சாமான் இல்லை.

ஒரு முகத்துக்கு எத்தனை புள்ளி?

சரி, ஜூமை விடுங்கள். முகம் தெரியுமா தெரியாதா என்பதை எப்படிக் கணக்குப் போடுவது?

சிசிடிவி துறையில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று பார்ப்பார்கள். 25 விழுந்தால் 'அங்கே ஒரு ஆள் இருக்கிறார்' என்று தெரியும். 125 விழுந்தால், ஏற்கெனவே பழக்கப்பட்டவரை 'இவர் இன்னார்' என்று சொல்லிவிடலாம். 250 விழுந்தால் முன்பின் தெரியாத ஆளையும் அடையாளம் காணலாம். மனித முகத்தின் அகலம் சுமார் 15 சென்டிமீட்டர். அப்படியென்றால் 250 என்பது முகத்துக்குக் குறுக்கே 40 பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு.

இதை மினி 4 ப்ரோவில் போட்டுப் பார்த்தேன் (தமிழ் படித்தவள் போட்ட கணக்குதான், இருமுறை சரிபார்த்துவிட்டேன்). இந்தியாவில் பச்சை மண்டலத்தில் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய உச்சபட்ச உயரம் 400 அடி, அதாவது 120 மீட்டர். அங்கிருந்து எடுத்த வழக்கமான 12 மெகாபிக்சல் படத்தில் சுமார் 173 மீட்டர் அகலத்துக்கு ஊர் தெரியும். ஒரு மீட்டருக்கு 23 பிக்சல். முகத்துக்கு மூன்று, நான்கு பிக்சல். அதில் முகம் இல்லை, ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும்.

30 மீட்டருக்கு இறங்கினால் மீட்டருக்கு 93. ஆணா பெண்ணா, என்ன நிறச் சேலை என்பது தெரியும். முகம் இன்னும் பிடிபடாது. 20 மீட்டரில் 140. இப்போது தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 10 மீட்டரில் 280. யார் வேண்டுமானாலும்.

மேவிக் 3-ன் தொலைவு லென்ஸில் இந்தக் கணக்கு அப்படியே புரளும். 120 மீட்டரிலிருந்தே மீட்டருக்கு 156 பிக்சல். 75 மீட்டரிலேயே 250-ஐத் தொட்டுவிடும். விசிறிச் சத்தம் நம் காதில் சரியாக விழாத தூரம் அது.

ஆனால் இதெல்லாம் காகிதக் கணக்கு. நேர்மேலே நிற்கும் ட்ரோனுக்கு உச்சந்தலைதான் தெரியும். முகம் வேண்டுமென்றால் சாய்வாகப் பார்க்க வேண்டும், அப்போது தூரம் கூடும். நண்பகலில் சிமென்ட் மாடிகளிலிருந்து எழும் கானல், தொலைவு லென்ஸில் காட்சியைத் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல நெளிய வைக்கும். காற்று ஆட்டும். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும்போது நுணுக்கம் போகும். சாயங்காலம் இருட்ட ஆரம்பித்தால் சின்ன சென்சார்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்துவிடும். 48 மெகாபிக்சலில் எடுத்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகும், தெளிவு அதே அளவுக்கு இரட்டிப்பாகாது.

'தெர்மல் கேமரா சுவருக்குள்ளும் பார்க்கும்' என்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் வருகிறது. பார்க்காது. அது பரப்பின் வெப்பத்தைத்தான் காட்டும். மூடிய கண்ணாடி ஜன்னலைக்கூடத் தாண்டாது. இருட்டில் தோட்டத்தில் ஒருவர் நிற்பதைக் காட்டிக்கொடுக்கும், அவர் யார் என்று சொல்லாது.

முகமே வேண்டாம், வீடு போதும்

இந்த அளவுகோல் எல்லாம் முன்பின் தெரியாத ஆளைப் பற்றியது. நம்ம தெருவில் அப்படியா?

நீலத் தண்ணீர் டேங்க், பக்கத்தில் முருங்கை மரம், மாடியில் ஒரு பெண். முகத்தில் நான்கே பிக்சல் இருந்தாலும் அது யார் வீட்டு மாடி என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். கல்யாண வீடியோவைப் பார்க்கப்போவதும் அதே தெருக்காரர்கள்தான். யார் எத்தனை மணிக்கு மாடிக்கு வருகிறார்கள், கொடியில் என்ன காய்கிறது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் தெரிய ஜூமே தேவையில்லை. 'அவ்வளவு உயரத்திலிருந்து ஒன்னும் தெரியாதுக்கா' என்று ட்ரோன் விடும் தம்பிகள் சொல்வது பொய் இல்லை. அம்மாவின் கேள்விக்கு அது பதிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. இப்போது நடைமுறையில் இருக்கும் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்தன. நான்கு வருடமும் ஒரு நாளும் கழித்து.

அந்த விதிகளில் எடை வகை இருக்கிறது, மண்டலம் இருக்கிறது, உயர வரம்பு இருக்கிறது. பிரைவசி பற்றித் தனி விதி இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, அதே வருடம் மார்ச்சில் வந்த முந்தைய விதிகளில் அது இருந்தது. தனிநபரின், அவரது சொத்தின் அந்தரங்கத்தை உறுதி செய்துகொண்டுதான் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஐந்தே மாதத்தில் விதிகளை எளிமையாக்கியபோது அந்த வரியும் சேர்ந்து போய்விட்டது. இப்போது எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஒரு வீட்டு மாடிக்கு எவ்வளவு அருகில் வரலாம் என்பதற்கு இல்லை.

250 கிராம் வரை நானோ வகை. இதை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரை மைக்ரோ. சொந்த உபயோகத்துக்கு என்றால் சான்றிதழ் வேண்டாம், தொழிலுக்கு என்றால் வேண்டும். 895 கிராம் எடையுள்ள மேவிக் 3-ஐ வைத்துக் காசு வாங்கிக் கல்யாணம் எடுப்பவருக்குச் சான்றிதழ் கட்டாயம். (வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கே 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது, சில விலக்குகளோடு. மண்டபங்களில் பறப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியாது.)

ட்ரோன் சட்டம் கைவிட்ட இடத்தில் குற்றவியல் சட்டம் காப்பாற்றுமா? பாதிதான். பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு, பெண்ணை அவர் தனிமையில் இருக்கும்போது பார்ப்பதையோ படம் எடுப்பதையோ தண்டிக்கிறது. முதல் முறை 1 முதல் 3 வருடம் சிறை, மீண்டும் செய்தால் 3 முதல் 7 வருடம். ஆனால் 'தனிப்பட்ட செயல்' என்பதற்கு அது தரும் விளக்கம் குறுகியது. உள்ளாடை அளவிலோ ஆடையின்றியோ இருப்பது, கழிவறை, பாலுறவு. குளியலறை ஜன்னலுக்கு வெளியே ட்ரோன் நின்றால் இந்தப் பிரிவு வரும். நைட்டியில் வடகம் பிழியும் அம்மாவுக்கு வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவு ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஆனால் அதுவும் அந்தரங்க உறுப்புகளின் படத்தைப் பற்றியதுதான்.

கொஞ்சம் கைகொடுப்பது 79-வது பிரிவு. பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவரது அந்தரங்கத்தில் நுழைந்தால் 3 வருடம் வரை சிறை. 'நோக்கத்தோடு' என்பதை நிரூபிக்க வேண்டும். ஒரே மாடிக்குத் தினமும் வந்து நிற்கும் ட்ரோன் என்றால் நிரூபிக்கலாம். கல்யாணத்துக்கு ஒரு ஷாட் எடுத்தவர் மேல் முடியாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் பொழுதுபோக்குக்கு எடுப்பது அதில் சேராமல் போகவே வாய்ப்பு அதிகம்.

மாடிக்கு மேல் வந்து நின்றால்?

கல் எறியாதீர்கள். விழுந்தால் கீழே யார் தலை என்று தெரியாது, போதாததற்குப் பொருளைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள் மேல் திரும்பும். போனை எடுத்து அதை வீடியோ எடுங்கள், உங்கள் வீடும் தெரிகிற மாதிரி. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அது எங்கே போய் இறங்குகிறது என்று பாருங்கள். பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். பொதுவாகக் கிளம்பிய இடத்துக்கேதான் திரும்பும், ஆள் அங்கேதான் நிற்பார்.

வேண்டுமென்றே செய்வது போலத் தெரிந்தால் 112 அல்லது 100. பெண்கள் உதவி எண் 181. படம் ஆன்லைனில் வந்துவிட்டால் தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் பதியலாம்.

தெரிந்த வீட்டு விசேஷம் என்றால் நேராகப் போய்க் கேட்பதே நல்லது. அம்மா அதைத்தான் செய்தார். கல்யாண வீட்டு அக்காவிடம் சொல்ல, அவர் வீடியோ எடுத்த தம்பியைக் கூப்பிட்டார். தம்பி மரியாதையாகவே ரிமோட்டைக் காட்டியிருக்கிறார். உயரம் 18 மீட்டர் என்று இருந்ததாம். "பாருங்கம்மா, அறுபதடிக்கு மேல" என்றிருக்கிறார்.

அங்கேதான் ஒரு விஷயம். ரிமோட்டில் காட்டுவது ட்ரோன் கிளம்பிய தரையிலிருந்து உயரம். எங்கள் மொட்டை மாடியே தரையிலிருந்து 7 மீட்டர் இருக்கும். மிச்சம் 11. பக்கவாட்டில் ஒரு 10 மீட்டர் தள்ளி நின்றிருந்தால், அம்மாவுக்கும் கேமராவுக்கும் இடையே 15 மீட்டர்தான். அவர் வைத்திருந்தது மினி. கணக்குப்படி முகத்துக்கு 28 பிக்சல்.

ஊர் ஷாட்டுக்காக எடுத்த ஆறு வினாடி அது. தம்பி அதை வெட்டிவிட்டார். மெமரி கார்டில் இருந்த ஒரிஜினலையும் அம்மா முன்னாலேயே அழித்தார். போனில் ஆப்புக்குள் தங்கும் சின்ன காப்பியையும் அழிக்கச் சொல்ல வேண்டும் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அடுத்த போனில் சொன்னேன், அம்மா மறுபடி போய் அதையும் அழிக்க வைத்தார்.

வடகத்தை மறுநாள் பிழிந்தார். காலை ஆறு மணிக்கு முன்னாடியே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.