சின்னச் சக்கர சைக்கிளுக்கு ஒரு ஒர்க்‌ஷீட்

திருப்பரங்குன்றம் கோயில் அருகே சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரில் பொருத்தியிருந்த சின்ன மீட்டரைப் பார்த்தேன். வீட்டிலிருந்து 10.0 கிலோ மீட்டர் வந்திருப்பதாகவும், வழியில் எட்டிய அதிகபட்ச வேகம் 32 கி.மீ. என்றும் காட்டியது. புதிதாக வாங்கிய மடக்கு சைக்கிள், 20 அங்குலச் சக்கரம், தள்ளுபடி விலை ரூ.7,800. இவ்வளவு மலிவான வண்டியில் இவ்வளவு வேகமா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்தேன். வீடு இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் தூரத்தை அளக்கும் பிரிவைத் தேர்ந்தெடுத்து, நான் சென்ற சாலை வளையும் இடங்களில் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து கோயில் வரை கொண்டு சென்றேன். கிடைத்த விடை 7.4 கி.மீ. மட்டுமே! மீட்டர் கால் பங்குக்கு மேல் பொய் சொல்லியிருக்கிறது.

மீட்டர் மீது தவறில்லை. சைக்கிள் கம்ப்யூட்டர் என்று அழைக்கப்படும் இந்தச் சாதனத்திற்கு வேகமும் தெரியாது, தூரமும் தெரியாது. ஸ்போக்கில் கட்டிய சிறு காந்தம், போர்க்கில் உள்ள சென்சாரை எத்தனை முறை கடக்கிறது என்று மட்டும் அது எண்ணுகிறது. அந்த எண்ணிக்கையைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கித் திரையில் காட்டுகிறது. சுற்றளவை நாம்தான் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. எனவே, அதில் டிபால்ட்டாக இருந்த 26 அங்குலச் சக்கரத்தின் அளவான 2070 மில்லி மீட்டரை வைத்தே அது கணக்கிட்டிருக்கிறது. புதிய கம்ப்யூட்டரில் தேதியையும் நேர மண்டலத்தையும் சரி செய்யாமல், கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று குறை சொல்வது போலத்தான் இதுவும்.

உங்கள் சைக்கிளின் சுற்றளவை அறிய அட்டவணைகளைத் தேட வேண்டாம். வீட்டு வாசலில் ஒரு சாக்பீஸ் போதும். சக்கரத்தின் வால்வு நேர் கீழே வரும்படி நிறுத்தி, தரையில் ஒரு கோடு போடவும். சைக்கிளில் அமர்ந்து, ஒருவர் பிடித்துக் கொள்ள, நேர்கோட்டில் சக்கரம் மூன்று முறை சுற்றும் வரை முன்னேறி, மறுபடி வால்வு கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இடையிலுள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து மூன்றால் வகுக்கவும். ஆள் அமர்ந்தால்தான் டயர் சற்று அமுங்கி உண்மையான அளவு கிடைக்கும். எனக்கு 4 மீட்டர் 59 சென்டி மீட்டர் வந்தது. மூன்றால் வகுத்தால் 1.53 மீட்டர். மீட்டரின் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் 1530 என அமைத்தேன். சில மாடல்கள் சென்டி மீட்டரில் கேட்கும், அவற்றில் 153. மறுநாள் அதே கோயிலுக்கு 7.4 காட்டியது. என் 32 கி.மீ. வேகம் உண்மையில் 24-க்கும் குறைவு.

இனி, பெட்டி வந்த நாளுக்குப் போவோம். சைக்கிள் 85 சதவீதம் பொருத்தப்பட்டு வருகிறது, மீதியை நீங்களே செய்து கொள்ளலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்த 15 சதவீதத்தில்தான் பல்லும் முழங்காலும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் தப்பாக ஏதாவது அமைத்தால் அன்டூ செய்திடலாம். இங்கு அது இல்லை.

முதலில் போர்க். பெட்டியில் இடம் மிச்சம் செய்வதற்காக முன் போர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்து அனுப்புவார்கள். அதைக் கவனிக்காமல் அப்படியே ஹேண்டில்பாரை மாட்டிவிடுவோர் நிறைய. போர்க்கின் கீழ்முனை முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். முன் பிரேக் போர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும். பிரேக் உள்ளே, பிரேம் பக்கம் இருந்தால் போர்க் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து பெடல். இரண்டும் ஒன்று போலவே தெரியும்; ஆனால், அவை ஒன்றல்ல. வலது, இடது என்பதற்கான ஆங்கில எழுத்து தண்டின் முனையில் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இடது பெடலின் மரை நேர் எதிர்த் திசையில் வெட்டப்பட்டது. மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இரண்டு பெடலையும் முன்சக்கரத்தின் திசையில் திருகினால் இறுகும் என்று நினைவில் வைத்துக் கொண்டால் போதும். முதல் நாலைந்து சுற்றுகள் விரலாலேயே போக வேண்டும். போகாவிட்டால் ஸ்பானரை எடுக்காதீர்கள். பெடலை மாற்றிப் பாருங்கள். மரை தேய்ந்தால் கிராங்க் முழுவதையும் மாற்ற வேண்டும்.

ஹேண்டில்பார் விஷயத்தில் நான் பாடம் கற்றுக் கொண்டது இரண்டாம் நாள். கீழவெளி வீதியில் இடதுபுறம் திரும்புகையில், ஹேண்டில்பார் என் கையோடு திரும்பியது. சக்கரம் நேராகவே போனது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ. டிரைவர் பிரேக் பிடித்ததால் இன்று இதனை எழுதிக் கொண்டிருக்கிறேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆலன் கீயால் இறுக்க வேண்டிய ஒரு போல்ட்டை, கை இறுக்கத்தோடு விட்டிருந்தேன். அன்றிலிருந்து புறப்படும் முன் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக் கொண்டு, ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்க்கிறேன். அசையக் கூடாது. மடக்கும் கீலுக்கும் இதே போல ஒரு சோதனை உண்டு. முன் பிரேக்கை அழுத்திக் கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் "கடக்" என்று ஒலி வரக் கூடாது. கீலின் நெம்பு மூடியிருந்தால் மட்டும் போதாது. அதன் மீதுள்ள சிறிய பாதுகாப்புக் கொக்கியும் விழுந்திருக்க வேண்டும். சீட்டுக் கம்பியிலும் ஹேண்டில்பார் தண்டிலும் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது.

இதெல்லாம் பயமாக இருந்தால், தெருமுனை சைக்கிள் கடைக்கே கொண்டு போய்விடுங்கள். பெண்டு எடுப்பது எப்படியும் அவர் வேலைதான். மலிவு வண்டிகளில் ஸ்போக்குகள் முதல் 100 கி.மீட்டருக்குள் தளர்ந்து, ரிம் பிரேக் கட்டையில் உரசத் தொடங்கும். அப்போது ஒரு முறை பெண்டு எடுத்து, பிரேக் கேபிளையும் இழுத்துக் கட்டிவிட்டால் பிறகு ஓவராயிலிங் வரை கவலையில்லை.

ஆனால், கடைக்காரர் சொல்வதை எல்லாம் ஏற்றுக் கொள்ள வேண்டும் என்பதில்லை. நான் சென்றிருந்தபோது அவர், "சின்ன சக்கரம் சார், மிதிச்சுக்கிட்டே இருக்கணும், வண்டி நகராது. முன்னாடி பெரிய பல்சக்கரம் போட்டுரலாம்" என்றார். சொன்னதில் நியாயம் இருப்பது போலத் தெரிந்தது. செலவு ஏறத்தாழ ரூ.2,000 வரும் என்றார். வீட்டுக்கு வந்து எக்ஸெல் ஒர்க்‌ஷீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமில் இதனை அப்படியே அமைக்கலாம்.

முதல் வரிசையில் தலைப்புகள்: முன் பற்கள், பின் பற்கள், சுற்றளவு, ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர், நிமிடத்திற்கு எத்தனை மிதி, வேகம். ஒரு மிதி என்பது பெடலின் ஒரு முழுச் சுற்று. இரண்டாவது வரிசையில் முதல் மூன்று செல்களில் 44, 14, 1.53 என இடவும். நான்காவது செல்லில் =ஏ2/பி2*சி2 என்ற பார்முலா. ஐந்தாவதில் 60. ஆறாவதில் =டி2*இ2*60/1000. (செல் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே டைப் செய்திட வேண்டும்.) ஒரு மிதிக்கு 4.81 மீட்டர், வேகம் மணிக்கு 17.3 கி.மீ. என்று விடை வந்து நிற்கும். பின்பக்கம் உள்ள மற்ற பல்சக்கரங்களை எண்ணி, என்னுடையதில் 16, 18, 21, 24, 28, அடுத்தடுத்த வரிசைகளில் இட்டு, பார்முலாவை மவுஸால் கீழே இழுத்துவிட்டால், ஆறு கியர்களும் வரிசையாகக் கிடைக்கும். கடைசி கியரில் ஒரு மிதிக்கு 2.40 மீட்டர், பாலத்தின் ஏற்றத்திற்கு இதுவே அதிகம்.

அடுத்ததாக, மாடிப்படிக்குக் கீழே நிற்கும் அப்பாவின் பழைய 28 அங்குல சைக்கிளின் பற்களை எண்ணினேன். முன்னால் 44, பின்னால் 18, சுற்றளவு 2.22 மீட்டர். ஒரு மிதிக்கு 5.43 மீட்டர், 60 மிதிக்கு 19.5 கி.மீ. அந்த வேகத்தைச் சின்ன சைக்கிளில் எட்ட எத்தனை மிதி வேண்டும் என்று ஐந்தாவது செல்லில் எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தேன். 68. அதாவது, நிமிடத்திற்கு எட்டு மிதி கூடுதல். சக்கரம் சின்னதாக இருப்பதைப் பின்பக்கத்து 14 பல் ஏறக்குறைய ஈடு கட்டிவிடுகிறது. எட்டு மிதிக்காக 2,000 ரூபாய் தேவையில்லை என்று முடிவு செய்தேன். முழங்காலுக்கும் லேசான மிதிதான் நல்லது.

அப்படியானால் வண்டி ஏன் கனமாக இருந்தது? காற்றுதான். டயரின் பக்கவாட்டில் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை என்று அச்சிட்டிருந்தது. என் டயரில் இருந்ததோ 25. சின்னச் சக்கரம் பள்ளத்தில் பெரிய சக்கரத்தை விட ஆழமாக இறங்கும். காற்று குறைந்தால் ரிம் நேராக அடி வாங்கும். 55 வரை அடித்த பின்னர் அது வேறு சைக்கிள். இப்போது வரும் பல டியூப்களில் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வுதான். எனவே பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம். ஆனால், அங்கே கண் இமைக்கும் நேரத்தில் ஏறிவிடும். சின்ன டியூப் வெடித்துவிடும் அபாயம் உண்டு. அளவு காட்டும் கைப்பம்பு ஒன்று வாங்கிக் கொள்வது நல்லது.

சின்னச் சக்கரம் என்றால் சிறுவர் வண்டி என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. "பேரன் சைக்கிளா?" என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் 1962-ல் சின்னச் சக்கர சைக்கிளை வெளியிட்டார். 1959-ல் வந்த மினி காருக்கு ரப்பர் சஸ்பென்ஷன் வடிவமைத்தவர் இவர்தான். சின்னச் சக்கரம் குலுக்கும் என்பது அவருக்குத் தெரியும். எனவே டயரில் காற்றழுத்தத்தைக் கூட்டி, குலுக்கலைத் தாங்க சைக்கிளுக்கும் சஸ்பென்ஷன் வைத்தார். அந்த ஆண்டே ஜான் உட்பர்ன் என்ற பந்தய வீரர், கார்டிப் நகரிலிருந்து லண்டன் வரையிலான சாதனையை மோல்டன் சைக்கிளில் முறியடித்தார். நம் மலிவு வண்டியில் சஸ்பென்ஷன் இல்லை. பள்ளத்தைக் கண்டால் நாம்தான் வேகம் குறைக்க வேண்டும்.

எங்கே ஓட்டலாம்? மாசி வீதிகளில் காலை ஏழு மணிக்குப் பின் வேண்டாம். எனக்குப் பிடித்தது மேற்கே நாகமலைப் புதுக்கோட்டை வழியாகக் கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படி ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களும், வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. புதிய பாதைக்குப் போகும் முன், கூகுள் எர்த் புரோ சாப்ட்வேரில் பாதையை வரைந்து, எடிட் மெனுவில் உள்ள உயர வரைபடத்தைப் பார்த்துவிடுகிறேன். இந்த சாப்ட்வேர் 2015 முதல் இலவசம். மதுரையைச் சுற்றி உள்ள சாலைகளில் பெரும்பாலும் கோடு தட்டையாகவே போகும். அழகர் மலையில் பழமுதிர்ச்சோலைக்கு ஏறும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து நிற்கும். அங்கே நான் அடிவாரத்தோடு சரி.

வெயில் ஏறும் முன் திரும்பி, சைக்கிளை மடக்கிக் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் தள்ளிவிடலாம். பழைய சி.பி.யு. இருந்த இடம் போதுமானதாக இருக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரே எதிரி சீமைக் கருவேல முள். கண்மாய்க் கரை ஓரம் ஒதுங்கினால் பஞ்சர் நிச்சயம். கையில் ஒரு டியூப் வைத்திருங்கள். ஆனால், வாங்கும்போது "20 இஞ்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். 20 அங்குலம் என்ற பெயரில் இரண்டு அளவு ரிம்கள் உள்ளன: 406 மி.மீ., 451 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. உங்கள் டயரில் 47-406 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது ரிம் அளவு. 406 என்றால், சிறுவர் சைக்கிளுக்கான 20 x 1.75 டியூப்பே பொருந்தும். எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும். 451 என்றால் வண்டி வாங்கும்போதே இரண்டு டியூப்களைச் சேர்த்து வாங்கிவிடவும். அந்த எண்ணையும் ஒர்க்‌ஷீட்டின் ஒரு மூலையில் டைப் செய்து சேவ் செய்து வைத்திருக்கிறேன்.