கசைவாற் சுறா

பட்டினப்பாலை, பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதில் உறையும் தெய்வத்தை வழிபட்ட செய்தியைக் கூறுகின்றது. கொம்புடைய அம்மீனை வேளா எனக் கொள்வர். வேளாவை இன்றைய உயிரியல் திருக்கை வகையுள் அடக்கும். பெயரும் இனமும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை என்பது இதனாற் புலனாகும். ஆழ்கடலில் வாழும் கசைவாற் சுறாவைப் பொறுத்தமட்டில் இனமறிதல் நூலறிவோடு அமையாது, சட்டத்தையும் பற்றியதாயிற்று.

இச்சுறாவின் முதல் அடையாளம் வாலாகும். வாலின் மேற்கிளை ஏனைய உடல் முழுவதற்கும் ஏறக்குறைய ஒத்த நீளமுடையது. அதனைச் சாட்டைபோல் வீசிச் சிறுமீன்களை மயங்கச் செய்து இது உண்ணும். உலகில் இதன் இனங்கள் மூன்று. தலையுச்சிவரை எட்டும் பெரிய கண்களும், தலையின் இருபுறமும் ஓடும் பள்ளக் கோடும் உடையது ஓரினம். மற்ற இரண்டினுள், வயிற்றின் வெண்மை மார்புச் செட்டையின் அடிக்கு மேலும் பரவியிருப்பது ஒன்று. அவ்வாறு பரவாதது மற்றொன்று.

இலங்கையின் பலநாட் கலங்கள் சூரை, கெளவல்லா முதலிய மீன்களை நாடியே நெடுந்தூண்டிலும் செவுள் வலையும் இடுகின்றன. கசைவாற் சுறா அவற்றில் நாடாமலே அகப்படும். இரையை வாலால் அடிக்கும் இயல்பினால், வாலிலேயே தூண்டில் ஏறுதலும் உண்டு. அவ்வாறு பின்னோக்கி இழுக்கப்படுங்கால், செவுள்வழி நீர் செவ்வனே செல்லாது சுறா மூச்சுத் திணறும். ஓர் ஈற்றிற் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகளே பிறத்தலின், இழந்த தொகை எளிதில் ஈடாவதில்லை.

இந்து சமுத்திரச் சூரைமீன் ஆணைக்குழு 2010இல் இம்மூவினத்தையும் கலத்தில் வைத்திருத்தலைத் தடை செய்தது. இலங்கை 2012இல் இவற்றைப் பிடித்தலையும் விற்றலையும் சட்டத்தால் விலக்கிற்று. அகப்பட்டதை உயிருடன் விடுவித்தல் மீனவர் கடனாயிற்று. சட்டம் மூவினத்திற்கும் பொதுவாதலின், அதனைக் கைக்கொள்ள வாலை அறிதலே போதும். எவ்வினம் எத்துணை அகப்பட்டது எனக் குறித்தற்கே கண்ணும் நிறமும் வேண்டப்படும்.

அட்டன் கடைவீதியிற் கருவாடு வாங்கும் றொசல்லத் தோட்டத்தவர், தாம் வாங்குவது எச்சுறா என அறிதல் அரிது. வாலும் செட்டையும் நீங்க, கீறி உப்பிட்டு உலர்த்திய துண்டத்தில் மேற்கூறிய அடையாளம் ஒன்றும் எஞ்சாது. துறையில் அறிந்தால் தண்டனைக்கு உதவும், உயிருக்கு உதவாது. ஆதலின் சுறா நீரில் இருக்கும்போதே, கலத்தின் விளிம்பில் நின்று கயிற்றை இழுப்பவன் அதனை அறிந்து, காலந்தாழ்த்தாது தூண்டிலை அறுத்து விடுதல் வேண்டும். இவ்வினத்தின் வாழ்வு அவன் கண்ணையும் கையையும் பொறுத்தது.