ஸ்ரீபெரும்புதூர் மண்ணில் ஓர் இறகு இலை!

குழந்தைகளே! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கார் தொழிற்சாலைகள், செல்போன் தொழிற்சாலைகள், வரிசையாகச் செல்லும் கன்டெய்னர் லாரிகள், இல்லையா? ஆனால், நிலவியல் அறிஞர்களுக்கு இந்தப் பெயர் 140 ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். காரணம், இங்குள்ள பாறைகளில் பதிந்திருக்கும் இலைகள்!

1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவரே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகளையும் ஆராய்ந்து, 1873-ல் அறிக்கை வெளியிட்டார். அங்கே கிடைத்த இலைப் படிவங்களை ஃபைஸ்ட்மான்டல் என்ற அறிஞர் 1879-ல் விவரித்து எழுதினார்.

இலை கல்லானது எப்படி?

அந்தப் பாறைகளின் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அதற்கு முன்பு இந்தியாவின் கிழக்குப் பகுதி அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டும் மெல்லப் பிரிந்தன. நடுவே கடல் புகுந்தது. கரையோரக் காட்டின் இலைகள் சேற்றில் விழுந்தன. மேலே மேலே வண்டல் படிந்ததால் காற்றுப் படாமல், மட்கிப் போகாமல் அழுந்தின. காலப்போக்கில் சேறு பாறையானது. இலையின் வடிவம் அதில் அப்படியே பதிந்துவிட்டது. இதுதான் புதைபடிவம்.

இங்கே கிடைத்த முக்கியமான இலையின் பெயர் டைலோஃபில்லம். 'இறகு இலை' என்று பொருள். பார்ப்பதற்குப் பறவையின் இறகு போலவே இருக்கும். இலை மட்டும் கிடைத்தால் மரம் எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்? அதைக் கண்டறிந்தவர் நம் நாட்டு அறிஞர் பீர்பால் சாஹ்னி. ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளில் கிடைத்த தண்டு, இலை, பூப்போன்ற உறுப்பு ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்து, 1932-ல் முழுத் தாவரத்தின் உருவத்தை வெளியிட்டார். நம் பூங்காக்களில் அழகுக்காக வளர்க்கும் சைகஸ் செடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே தோற்றம்தான்!

ஸ்கேல் எடுங்கள்!

அந்தத் தாவரம் இன்று உலகில் எங்கும் இல்லை. எங்கே போயிற்று? ஓர் அடி ஸ்கேலை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். ஓர் அடி என்றால் ஒரு கோடி ஆண்டு. மைதானத்துச் சுவர்தான் 'இன்று'. அங்கிருந்து 454 அடி தள்ளிப் பூமி பிறந்தது. மனித இனத்தின் வயதோ சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அதாவது, உங்கள் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை!

இந்தக் கோட்டில் ஐந்து இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள்: 44½, 37, 25, 20, 6½ அடி. இவைதான் ஐந்து பேரழிவுகள். 25-ஆவது அடியில் நடந்ததுதான் மிகக் கொடியது. கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன. 6½ அடியில், மெக்சிகோ அருகே சுமார் 10 கி.மீ. குறுக்களவுள்ள விண்கல் மோதியது. பறவை இனம் தவிர, மற்ற டைனோசர்கள் எல்லாம் மறைந்தன. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கிறதே, ஆட்டுக்கடாவின் கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் ஓடு, அந்த இனத்துக்கும் முடிவு அப்போதுதான் வந்தது.

நம் இறகு இலையின் குடும்பமோ 20-ஆவது அடியில் நடந்த பேரழிவைத் தாண்டி வந்த கெட்டிக்காரக் குடும்பம்! ஆனால், விண்கல் விழுவதற்கு முன்பே அது குறையத் தொடங்கிவிட்டது. அப்போது பூக்கும் தாவரங்கள் வேகமாகப் பரவின. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டதே முக்கியக் காரணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். இடியும் இல்லை, நெருப்பும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடம் போனது, இனமும் போனது.

ஆக, ஓர் உயிரினம் இரண்டு விதமாக அழியலாம். ஒன்று, திடீரென்று. மற்றொன்று, சத்தமில்லாமல். இரண்டாவது யார் கண்ணிலும் படாது. இன்று ஓர் ஏரியைத் தூர்த்தால், அங்கே வந்துகொண்டிருந்த நாரைக்கும் நத்தைக்கும் இடம் போகிறது. அன்று இடத்தைப் பிடித்தது பூச்செடி. இன்று பிடிப்பது நாம். ஒரே வேறுபாடு, செடிக்கு யோசிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும்!

நீங்கள் செய்ய வேண்டியது

இந்த வட்டாரத்தில் கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது வெளியே கொட்டிய கல்லில் இலை வடிவம் தெரிந்தால், அதை உடைக்காதீர்கள்; கழுவாதீர்கள். பள்ளத்தில் இறங்கவும் கூடாது. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்து, ஆசிரியரிடம் காட்டுங்கள். எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத படிவம், முகவரி இல்லாத கடிதம் போன்றது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் நிலவியல் பிரிவைப் பார்க்க மறக்காதீர்கள்.

அதற்கு முன், நாளைக்கே அந்த ஸ்கேல் விளையாட்டைத் தொடங்கிவிடுங்கள். 12-ஆவது அடியில் ஓர் இலையை வைக்க வேண்டும், சரியா?