கல்லில் மிஞ்சிய தலைநகரம்

வெளியூரிலிருந்து சங்கராபுரத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் இரண்டாம் நாள் காலையில், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்கள்: "இங்கே பார்க்கறதுக்கு என்ன இருக்கு?" வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. மேற்கே கையைக் காட்டுவோம். கல்வராயன் மலை, மேகம் அருவி, பெரியார் அருவி, கச்சிராயபாளையம் பக்கம் போனால் கோமுகி அணை. அதோடு பட்டியல் முடிந்துவிடும். கிழக்கே கை நீளாது.

கிழக்கே ஒரு பழைய நாடு கிடக்கிறது. சோழ நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் நடுவே இருந்ததால் நடுநாடு என்றார்கள். அதில் பெண்ணையாற்றங்கரைப் பகுதி மலையமான் நாடு. சொல் தேய்ந்து 'மலாடு' என்று கல்வெட்டுகளில் ஏறியது. தலைநகரம் கோவல், இன்றைய திருக்கோவிலூர். கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி இருந்து ஆண்ட ஊர். இன்று அங்கே போய் "காரியின் அரண்மனை எங்கே?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு சுவர்கூடக் கிடையாது.

அதில் வியப்பில்லை. மரத்தைக் கரையான் தின்றது. மண் சுவர் ஐப்பசி மழையில் கரைந்தது. ஓலைக்கூரை ஒரு தலைமுறைகூடத் தாங்காது. உலோகத்தில் மிஞ்சியவை குதிரை பொறித்த சின்னஞ்சிறு செப்புக்காசுகள். புலவர்கள் பாடிய காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். மற்றபடி அந்த நாட்டில் நின்று நிலைத்தது கல் ஒன்றுதான். ஆகவே நடுநாட்டைச் சுற்றிப் பார்ப்பது என்றால் கல்லைச் சுற்றிப் பார்ப்பது. அந்தக் கல்லின் கதை, மேற்கே நாம் கை காட்டும் அதே மலையில் தொடங்குகிறது.

பல்லாவரத்துக் கல், கல்கத்தாவில் பெயர்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில், பாறையை வெட்டி வழி எடுத்த இடத்தில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளித்தோல் பழுப்பு. புதிதாக உடைந்த முகம் நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. நாம் இதைக் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நிலவியலாளர்கள் வைத்த பெயர் சார்னோக்கைட். கல்கத்தா நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லைத் தாமஸ் ஹாலண்ட் என்னும் நிலவியலாளர் ஆராய்ந்தார். அது சென்னை பல்லாவரம் பக்கத்துக் கல் என்று தெரிந்தது. 1893-இல் அந்தப் பாறை வகைக்கே கல்லறைக்காரரின் பெயரைச் சூட்டினார். இன்று அண்டார்க்டிகாவில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதன் பெயர் அதுதான்.

வெள்ளிமலைக் கல்லின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்த எண் புரியும். எகிப்தியப் பிரமிடுகளின் சுண்ணாம்புக்கல் 5 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. ஜோர்டானில் பெட்ரா நகரத்தைக் குடைந்தெடுத்த மணற்கல் சுமார் 50 கோடி ஆண்டு. இமயமலை எழத் தொடங்கியே 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. வெள்ளிமலை டீக்கடைக்குப் பின்னால் கிடக்கும் பாறை இவை எல்லாவற்றுக்கும் பாட்டன்.

இந்தக் கல் இறுகியது தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில். அந்த ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் பாறையிலிருந்து நீரைப் பிழிந்து வெளியேற்றிவிட, நீர் கலவாத கனிமங்கள் உண்டாயின. அந்த மினுமினுப்பும் உறுதியும் அவற்றால் வந்தவை. பிறகு எப்படி மேலே வந்தது? பாரம் இறக்க இறக்கப் பரிசல் எழும்புமே, அதுபோல. மழையும் காற்றும் மேலே இருந்த பாறையைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்துக் கடலுக்கு அனுப்பின. சுமை குறையக் குறைய அடிப்பாறை மெல்ல எழும்பியது. ஆக, மலைமேல் நிற்கும்போது ஒரு காலத்தின் பாதாளத்தில் நிற்கிறோம்.

ஆற்றுக்கு நடுவே ஒரு கல்

திருக்கோவிலூரில் கோயில்களுக்குக் குறைவில்லை. உலகளந்த பெருமாள் கோயில் இருக்கிறது. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்னும் குறுகிய இடைகழியில் மழை இரவில் முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. கீழையூரில் அட்ட வீரட்டங்களில் ஒன்றான வீரட்டானேசுவரர் கோயில். எதிர்க்கரையில் அறகண்டநல்லூர். 1896-இல் திருவண்ணாமலைக்கு நடந்த சிறுவன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, தங்கிச் சென்ற தலம். இவற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் உங்களை அழைத்துப் போக நினைப்பது ஆற்றுக்குள்.

பெண்ணையாற்றுப் படுகையில் ஒரு பெரும் பாறை, அதன் தலையில் ஒரு சிறு கோயில். கபிலர் குன்று என்கிறார்கள். நண்பன் பாரி மாண்ட பிறகு அவன் மகளிரைக் காத்துக் கரைசேர்த்த புலவர் கபிலர், வடக்கிருந்து உயிர்விட்ட இடம் என்பது வழிவழி வந்த செய்தி. வீரட்டானேசுவரர் கோயில் சுவரில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, பாரியின் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த கல் என்று இதைச் சொல்கிறது. பட்டினியா, தீயா என்பதில் வேறுபாடு இருந்தாலும் கல் எது என்பதில் ஆயிரம் ஆண்டாகக் குழப்பமில்லை. அதே கல்வெட்டு இன்னொரு தீயையும் பேசுகிறது. இராசராசனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவன் சுந்தரசோழன் இறந்தபோது, பால்குடி மறவாத பிள்ளையை விட்டு அவள் உடன்கட்டை ஏறினாள்.

ஆற்றுப் படுகையில் கிடக்கும் பாறைகளை ஆறுதான் உருட்டி வழவழப்பாக்கியது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் பாறையின் உருண்டை வடிவம் மண்ணுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பூமிக்குள் கிடக்கும் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் ஓடும். மழைநீர் அவற்றில் இறங்கிக் கனிமங்களை உளுக்க வைக்கும். பக்கத்தில் ஒரு திசையிலிருந்துதான் நீர் தாக்கும். விளிம்பில் இரண்டு திசை, மூலையில் மூன்று திசை. அதனால் மூலைதான் முதலில் மட்கும். சதுரக் கட்டி தோல் தோலாக உரிந்து, வெங்காயம்போல உருண்டையாகும். மட்கிய பகுதியில் உள்ள இரும்பு துருப்பிடித்துச் செம்மண்ணாகும். அந்த மண்ணை வெள்ளம் அடித்துப் போனபின் உள்ளே இருந்த உருண்டைகள் வெளியே தெரியும். செஞ்சி, திருவண்ணாமலை, நம் பக்கத்துக் கரடுகள் எல்லாவற்றிலும் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும் பாறைகளின் கதை இதுதான்.

வெள்ளத்தின் வலிமையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் பெண்ணையில் திறக்கப்பட்டது. அதாவது நொடிக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர்; 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் ஒவ்வொரு நொடிக்கும் 400 வீதம் கவிழ்ந்தாற்போல. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது ஆற்றியலின் பழைய கணக்கு. இப்படிப்பட்ட வெள்ளங்களை எண்ண முடியாத அளவு பார்த்தும் கபிலர் கல் அசையவில்லை. விரிசல் குறைந்த பெருங்கல்லில் நீருக்கு நெம்ப இடம் கிடைப்பதில்லை.

ஒரு வரியில் தீர்ந்த வழக்கு

மூன்றாவது கல் மணலூர்ப்பேட்டைக்கு அருகே ஜம்பையில் இருக்கிறது. சிறு குன்று, அதில் ஒரு குகைத்தளம். சமண முனிவர்கள் தங்கிய பாளி. 1981-இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரியைக் கண்டுபிடித்தார்கள். ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்பது பொருள்.

இதில் என்ன பெரிய செய்தி? குஜராத்தின் கிர்நார் முதலிய இடங்களில் அசோகர் வெட்டிய இரண்டாம் பாறைச் சாசனம், மனிதர்க்கும் விலங்குக்கும் தாம் செய்த மருத்துவ ஏற்பாடுகளைப் பேசும்போது எல்லைக்கு அப்பாலுள்ளவர்களையும் அடுக்குகிறது: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர். மற்றவர்கள் யார் என்று தெரியும். சத்தியபுத்திரர் யார்? சத்தியமங்கலத்தார், துளுநாட்டார், காஞ்சிக்காரர் என்று ஆளுக்கொரு விடை சொல்லி அறிஞர்கள் பல்லாண்டு வழக்காடினார்கள். ஜம்பைக் கல் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: தகடூர் அதியமான் மரபினர்.

காது கொடுத்துக் கேட்டால் சொல்லே சாட்சி சொல்லும். பிறமொழிச் சொல்லின் முதலில் வரும் ஸகரம் தமிழில் நழுவிவிடுவது வழக்கம். ஸபை அவை ஆனது, ஸந்தியா அந்தி ஆனது, ஸஹஸ்ரம் ஆயிரம் ஆனது. அவ்வாறே ஸதிய, அதிய ஆகும். புத்திரன் மகன், மகன் சுருங்கி மான். சேரமான், மலையமான், அதியமான்.

இதில் ஒரு குத்தலும் இருக்கிறது. அதியமான் அஞ்சி காரியின் பகைவன். அவன் கோவலூரை வென்றதை ஒளவையார் புறநானூற்றில் பேசுகிறார். காரியின் நாட்டில் காரியின் பெயரைச் சொல்லும் கல் கிடைக்கவில்லை. அவன் எதிரியின் பெயர் ஏறத்தாழ 2,000 ஆண்டாக அழியாமல் இருக்கிறது. குகைக்குள் இருந்ததால் மழையும் வெயிலும் அந்த எழுத்தைத் தொடவில்லை.

இன்னும் கிழக்கே போனால் கீழ்வாலையில் எழுத்துக்கும் முந்தைய ஓவியங்கள் பாறையில் உண்டு. செங்காவியில் தீட்டியவை. காவி என்பது ஏற்கெனவே முழுதும் துருப்பிடித்து முடிந்த இரும்பு. இனித் துருப்பிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை என்பதால்தான் நிறம் மாறாமல் நிற்கிறது.

போகிறவர்களுக்கு

250 கோடி ஆண்டு தாங்கிய கல்லின் முகத்தை ஓர் ஆணியால் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடலாம். உளியின் வெட்டு ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதற்குள்தான் அதியமானும் கபிலரும் இருக்கிறார்கள். சுண்ணாம்பு அடித்தாலும், சாக்பீஸ் தேய்த்தாலும், மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்தாலும் முதலில் போவது அந்த மில்லிமீட்டர்.

எழுத்தைப் படிக்க ஒரு டார்ச் போதும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். அடுத்த முறை சொந்தக்காரர் கேட்கும்போது மேற்கே காட்டிய கையைக் கிழக்கேயும் ஒருமுறை நீட்டுங்கள். போகும்போது டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள், ஆணியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.