ஒரு மாத்திரைக்குள் நான்கு மருந்துகள்: அளவு சரிதானா?

காசநோய்ச் சிகிச்சையின் தொடக்கத்தில் நாங்கள் வழங்கும் ஒவ்வொரு மாத்திரையிலும் ரிஃபாம்பிசின் 150, ஐசோனியசிட் 75, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம் அடங்கியுள்ளன. ஒன்று குறைந்தாலும் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகலாம். இவ்வளவுகளை எவ்வாறு சரிபார்க்கிறார்கள்?

மாத்திரையைக் கரைத்துப் புறஊதாக் கதிரைச் செலுத்துவது ஒரு முறை. மருந்தின் செறிவு கூடினால், அது உறிஞ்சும் ஒளியும் கூடும். ஆனால் ஐசோனியசிட் ஏறத்தாழ 263 நானோமீட்டரிலும் பைரசினமைடு 268 நானோமீட்டரிலும் மிகுதியாக உறிஞ்சுவதால், இரண்டும் கலந்தே தெரியும். ஆகவே, அளவு தெரிந்த பல கலவைகளை முன்னரே அளந்து, பல அலைநீளங்களின் அளவீடுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தறிகிறார்கள். எத்தாம்பியூட்டால் இக்கதிரை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் அதற்கு வேறு சோதனை உண்டு.

இவ்வாறு உறுதிசெய்த அளவு வீட்டில் குறையலாகாது. ஈரம் பட்டால் ரிஃபாம்பிசின் சிதையக்கூடும். உட்கொள்ளும் வேளை வரை மாத்திரையை உறையிலிருந்து பிரிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.